ஜோன் ஆஃப் ஆர்க் கையில் எந்த வாள்?

நாடகத்துக்கு வாள் வேண்டும் என்று யாராவது வந்தால், அந்த வாள் யார் மேல் படப்போகிறது என்றுதான் முதலில் கேட்பேன். விலை, நீளம், பளபளப்பு எல்லாம் அப்புறம். யார் மேலும் படாத வாள் ஒரு வகை, இன்னொரு வாளோடு மோதும் வாள் இன்னொரு வகை, மனிதர் முதுகில் விழும் வாள் மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே வாளில் அடக்கப் பார்க்கிற குழுவுக்குப் பணமும் போகும், சில சமயம் விரல் நகமும் போகும்.

இம்முறை கேட்டு வந்தவர்கள் பினாங்குத் தீவில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் இளைஞர் குழு. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையோடு போருக்குப் போன இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க். மே 30ஆம் தேதி அந்தப் புனிதரின் திருநாள். அதையொட்டி ஆலய மண்டபத்தில் நாடகம் போடுகிறார்கள். பினாங்கில் இந்தக் கதை அந்நியமில்லை. 1852இல் பிரெஞ்சுக் கன்னியர் லைட் ஸ்திரீட்டில் கான்வென்ட் தொடங்கிய ஊர் இது. மேடை வாளும் இங்கே பழகியதுதான். பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பங்சாவான் என்ற மலாய் நாடக வகை பிறந்ததே இந்தத் தீவில்தானே.

குழுவில் ஆளுக்கொரு யோசனை. ஒரு தம்பி இணையத்தில் பார்த்த இரும்பு வாளை வரவழைக்கலாம் என்கிறான். இன்னொருவனின் மாமா பாயான் லெப்பாஸ் பக்கம், கணினி வழி உலோகம் வெட்டும் சிஎன்சி பட்டறையில் வேலை செய்கிறார், அலுமினியத்தில் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காஸ்ப்ளே, அதாவது கதாபாத்திர வேடம் போடும் இரண்டு தங்கச்சிகளுக்கு ஃபோமை விட்டால் வேறு பொருளே கிடையாது. பங்குப் பெரியவர் ஒருவர், "பலகையை அறுத்து வெள்ளி பெயிண்ட் அடிங்கப்பா, அந்தக் காலத்தில அப்படித்தான செஞ்சோம்" என்கிறார். நான்கு யோசனையிலும் நியாயம் இருக்கிறது. எந்தக் காட்சிக்கு எது என்று பிரித்துக்கொள்வதில்தான் வேலை.

முதலில் அசல் வாளைப் பார்த்துவிடுவோம். ஜோனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாள்கள் இருந்தன. வோக்குலேரில் புறப்படும்போது தளபதி போத்ரிக்கூர் ஒன்று கொடுத்தார். பின்னால் எதிரணியைச் சேர்ந்த ஒரு பர்கண்டிக்காரனிடமிருந்து கிடைத்தது இன்னொன்று. எல்லாரும் பேசுவது மூன்றாவதைப் பற்றி. அது ஃபியர்புவாவில் புனித கத்ரீனாள் ஆலயத்துப் பீடத்தருகே மண்ணுக்குள் கிடந்தது. அதில் ஐந்து சிலுவைகள் இருந்தன. துரு பிடித்திருந்தாலும் தேய்த்தவுடன் சுலபமாகப் போய்விட்டது என்று 1431இல் ருவான் நகரில் தன் மீது நடந்த விசாரணையில் அவரே சொன்னார். அதற்கு இரண்டு உறைகள் செய்து கொடுத்தார்கள், ஒன்று சிவப்பு வெல்வெட், மற்றது பொன்னாடை. ஜோன் தனக்கென்று உறுதியான தோலில் ஒன்று செய்துகொண்டார். அந்த வாள் இன்று இல்லை. அதனால் "அசல் மாதிரியே இல்லையே" என்று யாரும் நம்மைப் பிடிக்க முடியாது. ஐந்து சிலுவைகளை மட்டும் மறந்துவிடக் கூடாது.

15ஆம் நூற்றாண்டின் ஒரு கை வாள் பொதுவாக இப்படி இருக்கும்: அலகு 75 முதல் 85 செ.மீ., மொத்த நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடை ஒரு கிலோவிலிருந்து 1.3 கிலோ வரை. ஐந்து கிலோ, பத்து கிலோ என்று பேசுபவர்கள் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. அலகின் நடுவே ஓடும் பள்ளம் ரத்தம் வடிவதற்கு என்பதும் கட்டுக்கதைதான். அது எடையைக் குறைக்க. மேடை வாளிலும் அந்தப் பள்ளத்தை வையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒரு நிழல் கோடு விழுந்து, வெறும் பட்டையும் அசல் அலகு போலத் தெரியும். மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு, செதுக்கிய கைப்பிடியை விட அந்த ஒரு கோடுதான் கண்ணில் படும்.

இனி நாடகப் பிரதி. அதில் வாள் வருகிற இடங்கள் மூன்று. ஒன்று, ஜோன் வாளை உறையிலிருந்து எடுத்து, மண்டியிட்டு, உயர்த்திப் பிடித்து நீண்ட வசனம் பேசுகிறார். இரண்டாவது, 1429 மே மாதம், ஓர்லியான் நகரை ஆங்கிலேயர் சூழ்ந்திருந்த முற்றுகையை உடைக்கும் சண்டை. இரண்டு வீரர்கள் முன்னால் நின்று நிஜமாகவே வாள் மோதுகிறார்கள், மற்றவர்கள் பின்னால் கூட்டமாக ஓடுகிறார்கள். மூன்றாவதுதான் வில்லங்கம். படையோடு ஒட்டிக்கொண்டு திரிந்த ஒரு பெண்ணை ஜோன் உருவிய வாளோடு துரத்திப்போக, அந்த வாள் உடைந்துவிட்டது என்று அலான்சோன் பிரபு, ஜோன் இறந்த பிறகு 1456இல் நடந்த மறுவிசாரணையில் சாட்சி சொன்னார். நம் பிள்ளைகள் அந்தக் காட்சியை விடமாட்டேன் என்கிறார்கள். வாளின் தட்டைப் பக்கத்தால் முதுகில் ஓர் அடி, வாள் இரண்டு துண்டு.

இரும்பை முதலில் பேசி முடித்துவிடலாம். இணையத்தில் "மீடியேவல் ஸ்வோர்ட்" என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி சுவரில் மாட்டும் எவர்சில்வர் வாள். பார்க்க அழகு. ஆனால் எவர்சில்வர் அவ்வளவு நீளத்தில் மோதலைத் தாங்காது. அதைவிட ஆபத்து பிடிக்குள் இருக்கிறது. நல்ல வாளில் அலகின் வால், அதாவது பிடிக்குள் நுழைகிற பகுதி, அகலமாகப் பிடி முழுக்க ஓடி, கடைசியில், பிடியின் முடிவில் இருக்கும் குமிழில் இறுகி நிற்கும். மலிவானதில் ஒரு மெல்லிய திருகுக் கம்பியை அலகின் அடியில் வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். வேகமாக வீசும்போது அந்த வெல்டிங் விட்டுப்போனால் பிடி கையில் இருக்கும், அலகு முன்வரிசைக்குப் பறக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது ஃபாதரும் சிஸ்டர்களும்.

மேடைச் சண்டைக்கென்றே செய்யும் இரும்பு வாள் வேறு. ஸ்ப்ரிங் ஸ்டீலில் பதம் போட்டு, ஓரம் குறைந்தது இரண்டு மி.மீ. தடிப்பில், முனை உருண்டையாக இருக்கும். மோதும்போது எழும் ஓசைக்கு வேறெதுவும் ஈடில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலை பல நூறு வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்குகிறது, கப்பல் செலவு அதற்கு மேல். சுங்கத்திலும் போலீஸிலும் முன்கூட்டியே கேட்காமல் ஆர்டர் போடக் கூடாத பொருள். வந்து சேர்ந்த பிறகு பினாங்கின் உப்புக் காற்று வேறு. எண்ணெய் துடைத்து வைக்காவிட்டால் துரு ஏறிவிடும், தோலுறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே, அதை வீச மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும். சனிக்கிழமை மாலை மட்டும் ஒத்திகைக்கு வருகிற பிள்ளைகளிடம் அதைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

"அப்படியானால் பட்டறையில் இரும்புத் தகட்டையே வெட்டிக்கொள்ளலாமே" என்று கேட்ட தம்பிக்கு ஒரு கணக்கு. 80 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் உள்ள பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பில் அலகு மட்டுமே சுமார் ஒன்றரைக் கிலோ வரும், பிடியும் குமிழும் சேர்ந்தால் இரண்டை நெருங்கும். அசல் வாளை விடக் கனம். பழைய கொல்லர்கள் நுனிக்குப் போகப் போக அலகை மெலிதாக்கி, நடுவில் பள்ளம் இழுத்துத்தான் எடையைக் கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். தட்டையாக வெட்டிய தகட்டில் அந்த வித்தை இல்லை. அதே அளவு அலுமினியத்தில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பிடி, பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கிற குறுக்குப் பட்டை, குமிழ் எல்லாம் சேர்த்து 900 கிராமுக்குள் முடிந்துவிடும். அந்த மாமாவின் யோசனையை நான் தட்டாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஓர்லியான் சண்டையில் மோதுகிற இரண்டு பேருக்கும் அலுமினியம். பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 6061 என்ற வகை. 7075 அதைவிடக் கடினம், விலையும் கூட. இரண்டு மூன்று காட்சிகளுக்கு 6061 போதும். மாமாவிடம் சொல்ல வேண்டியவை சில. வாலும் அலகும் ஒரே தகட்டில் வெட்டப்பட வேண்டும், ஒட்டு வேலை கூடாது. அலகும் வாலும் சந்திக்கிற மூலையை நேர்கோணமாக வெட்டாமல் வளைவாக வெட்டச் சொல்லுங்கள். விரிசல் எப்போதும் அந்தக் கூர் மூலையில்தான் தொடங்கும். ஓரத்தின் தடிப்பை மூன்று மி.மீ.க்குக் கீழே குறைக்க வேண்டாம். முனை ஐந்து சென் காசின் வளைவுக்கு உருண்டிருக்கட்டும். குமிழை மட்டும் இரும்பில் செய்தால் எடை கைப்பக்கம் வந்து, வாள் கைக்கு இணக்கமாகிவிடும்.

அலுமினியத்தின் குறைகளும் உண்டு. ஓசை கொஞ்சம் மெல்லியது, தகரம் தட்டியது மாதிரி இருக்கும். மண்டபத்தில் ஒரு மைக் இருந்தால் அது பெரிய குறையில்லை. மோத மோத ஓரத்தில் சிறு பற்கள் எழும், அவை ரம்பம் மாதிரி தோலைக் கிழிக்கும். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் அரம் போட்டுத் தேய்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கையிலும் வெள்ளை உடுப்பிலும் கறுப்பாக ஒட்டும், உடை தைக்கும் அக்காவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒருவனுக்கு அலுமினியம், எதிராளிக்கு இரும்பு என்று கலந்து கொடுக்கவே கூடாது. இரும்பு அலுமினியத்தைத் தின்றுவிடும்.

சண்டையைச் சொல்லிக்கொடுக்க அவர்கள் ஒரு சிலம்ப ஆசானைப் பிடித்திருக்கிறார்கள். கால் வைப்பு, தூரம், கண் பார்வை மூன்றும் சிலம்பத்தில் நன்றாக வரும் என்பதால் எனக்கு அதில் சந்தோஷம்தான். ஒரே எச்சரிக்கை, சிலம்பம் பழகிய கை அடியைச் சேர்க்கப் பார்க்கும். மேடையில் அடி சேரக் கூடாது. எதிராளியின் உடம்புக்கு வெளியே ஒரு புள்ளியைக் குறிவைத்து வீச வேண்டும், முகத்துப் பக்கம் குத்துவது எந்தக் காட்சியிலும் கிடையாது. முதல் சில வாரம் சிலம்பப் பிரம்பையே வாள் நீளத்துக்கு வெட்டிப் பழகட்டும். பிரம்பு உடைந்தாலும் சிம்பு சிம்பாகப் பிரியுமே தவிரத் துண்டாகப் பறக்காது. நாடகம் அன்றைக்கும் திரை ஏறுவதற்கு முன் அந்தச் சண்டையைப் பாதி வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

மரத்தைப் பெரியவர் சும்மா சொல்லவில்லை. ஜோன் கையில் உயர்கிற வாளுக்கு மரம்தான் என் தேர்வு. அந்தக் காட்சியில் வாள் எதன் மேலும் படுவதில்லை, பார்க்க மட்டும்தான். ஜோனாக நடிப்பது ஐந்தாம் படிவம் படிக்கும் பெண், ஜோனுக்கும் ஓர்லியானில் பதினேழு வயசுதான் இருக்கும். அவ்வளவு நீண்ட வசனத்தை ஒரு கிலோவைத் தூக்கிப் பிடித்துச் சொன்னால் கை நடுங்கும். நடுங்குவது பின்வரிசைக்கே தெரியும். மரவாள் அரைக் கிலோவில் நின்றுவிடும்.

மரத்தில் மெராந்தி சுலபமாகக் கிடைக்கும், செதுக்கவும் எளிது, மோதலுக்கு ஆகாது. ஞாத்தோ கொஞ்சம் கனம், மழமழப்பு நன்றாக வரும். எதுவானாலும் நார் அலகின் நீளவாக்கில் ஓட வேண்டும், முடிச்சு இருக்கக் கூடாது. வெள்ளி பெயிண்ட் மட்டும் அடித்தால் தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கும். நான் செய்வது வேறு: நன்றாகத் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு பென்சில் கரித்தூளைத் துணியில் எடுத்து அழுத்தித் தேய்ப்பேன். இரும்பின் மங்கிய நிறம் வந்துவிடும். அலகின் ஓரத்தில் மட்டும் ஏர்கான் வேலைக்காரர்கள் ஒட்டுகிற வெள்ளி டேப்பை ஒரு கீற்று ஒட்டுங்கள். விளக்கு அந்தக் கீற்றில் பட்டால் போதும், மண்மேட்டிலிருந்து எடுத்துத் துடைத்த வாள் என்று நம்பிவிடுவார்கள். ஐந்து சிலுவைகளைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பதிக்கலாம். உறைக்கு லிட்டில் இந்தியாவில் சிவப்பு வெல்வெட் துணி வாங்கினால் சரித்திரமும் சரியாக இருக்கும், செலவும் அதிகமில்லை. வாளை உருவும்போது சினிமாவில் வருகிற அந்தச் "சர்ர்ங்" சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம். அசல் தோலுறையிலும் அது வராது.

கூட்டமாக ஓடுகிற வீரர்களுக்கும், உடைகிற வாளுக்கும் ஃபோம். இங்கே அந்தத் தங்கச்சிகள் சொல்வதைக் கேட்டுக்கொள்வதே நல்லது. ஈவிஏ ஃபோம் என்பது குழந்தைகள் விளையாட வீட்டில் விரிக்கிற அந்த மெத்தைப் பாயின் பொருள்தான். மெல்லிய பாய் சீக்கிரம் பள்ளம் விழும், அடர்த்தியான கைவினை ஃபோம் தகடு கொஞ்சம் கூட ஆகும், இரண்டுமே சில பத்து வெள்ளிக் கணக்குதான். நடுவே ஃபைபர் கிளாஸ் கம்பியோ பிவிசி குழாயோ வைத்து, இருபுறமும் காண்டாக்ட் குளூ தடவி, காயவிட்டு ஒட்ட வேண்டும். வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கினால் மேல்தோல் மூடிக்கொள்ளும், பெயிண்ட் உள்ளே உறிஞ்சாது. கம்பி நுனி வரை போகக் கூடாது, கடைசி மூன்று விரற்கடை ஃபோம் மட்டுமே இருக்கட்டும். குளூவின் நெடி தலைசுற்ற வைக்கும், வாசலில் உட்கார்ந்து ஒட்டுங்கள்.

ஃபோம் வாள் மோதினால் சத்தமே வராது, அது அதன் பெரிய குறை. கூட்டச் சண்டையில் முன்னால் அலுமினியம் இரண்டு ஒலிக்கும்போது பின்னால் ஓடுகிறவர்களின் சத்தமின்மையை யாரும் கவனிப்பதில்லை.

உடைகிற வாளைப் பற்றி நிறைய யோசித்தேன். மரத்தில் செய்து முன்பே அறுத்து வைத்தால் "சடக்" என்று நன்றாக உடையும், ஆனால் அந்த முறிந்த முனை ஒரு பெண்ணின் முதுகில் இருக்கும். அதனால் மரம் வேண்டாம். ஃபோம் வாளையே இரண்டு துண்டாகச் செய்து, முறிகிற இடத்தில் இருபுறமும் வலுவான சிறு காந்தங்களைப் பதித்து, ஒன்றுக்குள் ஒன்று லேசாகப் பொருந்தும்படி விடலாம். நடுக்கம்பியும் அந்த இடத்தில் இரண்டாகவே இருக்க வேண்டும். காந்தம் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் அடித்தாலும் உடையாது, பலவீனமாக இருந்தால் ஓடும்போதே நுனி தொங்கிவிடும். ஒத்திகையில் காந்தத்தை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் சரியான அளவைப் பிடிக்க முடியும். முறிகிற ஓசைக்கு, மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு பலகைத் துண்டுகளை அறைந்தால் போதும். அடி விழும் நேரமும் அறையும் நேரமும் பொருந்துவதற்கே தனியாக ஓர் ஒத்திகை வேண்டும்.

த்ரீடி பிரிண்டர் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் பெயரும் அடிபட்டது. குமிழ், குறுக்குப் பட்டை, சிலுவைகள் ஆகியவற்றுக்கு அது அருமை. அலகுக்கு வேண்டாம். அடுக்கடுக்காக உருவாகிற பொருள் அடுக்குவாக்கில் முறியும். போதாததற்கு, அதிகம் புழங்குகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். மத்தியான வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் பசியாறப் போனால் வாள் வளைந்துவிடும்.

ஆக, இந்தக் குழுவுக்கு நான் சொன்னது: ஜோனுக்கு ஒரு மரவாள், முன்சண்டைக்கு இரண்டு அலுமினியம், கூட்டத்துக்கு ஃபோம், துரத்துகிற காட்சிக்கு உடைகிற ஃபோம். மூன்று பொருளும் ஒரே கதையில் வருவதால் பிடியும் குறுக்குப் பட்டையும் எல்லாவற்றிலும் ஒரே அச்சில் இருக்கட்டும். குறிப்பாக ஜோனின் மரவாளும் உடைகிற வாளும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். இரும்பு வாளுக்கு ஒதுக்கிய பணம் மிஞ்சும். அதைக் கொடிக்குப் போடச் சொன்னேன். வாளா கொடியா எது பிடிக்கும் என்று ருவானில் கேட்டபோது, வாளைவிடக் கொடியை நாற்பது மடங்கு அதிகம் நேசித்ததாக ஜோன் பதில் சொன்னார். யாரையும் கொல்லாமல் இருக்கத்தான் கொடியைத் தானே ஏந்திப் போனதாகவும், ஒருவரையும் கொன்றதில்லை என்றும் சொன்னார். வெள்ளைத் துணி, பட்டுக் குஞ்சலம், "இயேசு மரியா" என்ற பெயர்கள். சண்டைக் காட்சியில் மேடையை நிறைக்கப்போவது அந்தக் கொடிதான். தம்பிக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. இரும்பு இரும்புதான் என்கிறான்.

எடுத்துப்போவதிலும் கவனம் வேண்டும். 1958ஆம் ஆண்டின் அரிப்புப் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டப்படி, தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம், சிறையும் பிரம்படியும் உண்டு. முனை மழுங்கிய அலுமினிய வாள் ஆயுதமா இல்லையா என்று சாலைத் தடுப்பில் நின்று வாதாட வேண்டாம். பைக்குப் பின்னால் முதுகில் கட்டிக்கொண்டு ஜெலுத்தோங்கிலிருந்து வருகிற வேலை வேண்டவே வேண்டாம். துணியில் சுற்றி, மூடிய பையில் வைத்து, கார் பூட்டில் பங்கின் கடிதத்தோடும் நாடக அறிவிப்போடும் பெரியவர் யாராவது கொண்டுவரட்டும். பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது. படம் எடுத்துப் போடுகிற ஆசையில் ஆலயத்துக்கு வெளியே தெருவில் வாளை உருவிக்கொண்டு நிற்கிற பழக்கத்தையும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

மேடைக்குப் பின்னால் ஒரு மேசை, அதில் ஒவ்வொரு வாளின் உருவத்தையும் டேப்பால் வரைந்து பெயர் எழுதியிருக்க வேண்டும். நடிகர் தானாக எடுக்கக் கூடாது, பொறுப்பாளர் கையால்தான் வாங்க வேண்டும். 2008இல் வியன்னாவின் புர்க் தியேட்டரில், மழுங்காத நிஜக் கத்தி ஒன்று மேடைப் பொருளாக வந்துவிட, தற்கொலைக் காட்சியில் நடித்தவர் உண்மையாகவே தன் கழுத்தைக் கீறிக்கொண்டார். உயிர் பிழைத்தார். அவ்வளவு பெரிய அரங்கிலேயே அப்படி. இங்கே அடுக்களைக் கத்தியும் கேக் வெட்டும் கத்தியும் அதே மண்டபத்தில் கிடக்கும், அவை அந்த மேசைப் பக்கமே வரக் கூடாது. நாடகம் முடிந்ததும் தம்பிமார் வாளோடு படம் எடுக்க ஓடுவார்கள். ஃபோமைக் கொடுங்கள். அலுமினியம் இரண்டையும் எண்ணிப் பூட்டிய பிறகு பொறுப்பாளர் பீஹூன் சாப்பிடப் போகலாம்.